அரைப் பக்கக் கதைக்கு எப்படிக் கருத்துச் சொல்வது?

கேள்வி: திரைக்கதை எழுதும் நண்பர்கள் தங்கள் கதையை அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பி என் கருத்தைக் கேட்கிறார்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்றால் அவர்களுக்குப் பயனில்லை. குறைகளைச் சொன்னால் மனம் வருந்துகிறார்கள். எப்படிச் சொல்வது?

பதில்: கதையை ஒருமுறை படித்து மூடி வைத்துவிட்டு, உங்களுக்குப் புரிந்த கதையை உங்கள் சொற்களில் இரண்டு வாக்கியங்களாக எழுதி அனுப்புங்கள். பிடித்தது, பிடிக்காதது என்ற பேச்சை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். தான் சொல்ல நினைத்ததும் வாசிப்பவர் மனத்தில் பதிந்ததும் எந்த இடத்தில் விலகுகின்றன என்பதை எழுதியவர் தனியாகக் கண்டுகொள்வது மிகக் கடினம் என்பதால், அந்த இரண்டு வாக்கியங்கள் எந்தப் பாராட்டையும்விட அவருக்கு உதவும். அவற்றில் புண்படுவதற்கும் ஏதுமில்லை.

அடுத்து, குறைகளைக் கேள்விகளாகக் கேளுங்கள். இது யாருடைய கதை, அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, தோற்றால் எதை இழப்பார் என்ற நான்கையும்தான் ஓர் ஒன்லைனில், அதாவது கதையின் சாரத்தைச் சொல்லும் இத்தகைய சுருக்கத்தில், நான் தேடுவேன். ‘பார்வை மங்கிவரும் ஒரு கைரேகை நிபுணர், முன்பு தான் அளித்த சாட்சியம் ஒரு நிரபராதியைச் சிறைக்கு அனுப்பிவிட்டதோ என்று ஐயுற்று, தன் கடந்த காலத்தை எதிர்கொள்கிறார்’ என்று ஒருவர் எழுதியிருப்பதாகக் கொள்வோம். பாத்திரம் வலுவானது, தொழிலுக்கு உயிரான கண்ணே அவரைக் கைவிடுகிறது என்ற முரணும் அருமையானது, இதை மனமாரச் சொல்லிவிடுங்கள். ஆனால் ‘எதிர்கொள்கிறார்’ என்பதைக் காட்சியாக்க முடியாது. அவர் பழைய கோப்பைத் தேடி எடுக்கிறாரா, சிறையில் இருப்பவரைச் சந்திக்கிறாரா, பார்வைக் குறையை அலுவலகத்தில் மறைத்தபடியே மறு ஆய்வுக்கு முயல்கிறாரா என்று கேட்டால், எழுதியவர் செயலைத் தேடத் தொடங்குவார். தவறை ஒப்புக்கொண்டால் அவர் சாட்சி சொன்ன மற்ற வழக்குகளும் கேள்விக்குள்ளாகி, உண்மையான குற்றவாளிகளும் மேல்முறையீட்டுக்கு வரக்கூடும் என்ற பெரிய விளைவு இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. அதை நீங்களே எழுதிக் கொடுத்துவிடாமல், ‘ஒப்புக்கொண்டால் வேறு யாரெல்லாம் பாதிக்கப்படுவார்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். ‘நானாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேன்’ என்று தொடங்கும் கருத்து, எவ்வளவு நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்டாலும், பெரும்பாலும் அடுத்தவர் கதையை நம் கதையாக மாற்றிவிடுகிறது.

படத்தின் நீளத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான வடிவில் எழுதப்பட்ட திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. ஆகவே 10 நிமிடக் குறும்படத்துக்கு 10 பக்கம்தான் இடம். அதில் மேலே சொன்ன நிபுணர் ஒரே ஒரு முடிவை எடுப்பதைக் காட்டலாமே தவிர, வழக்குகள் ஒவ்வொன்றாகக் குலைவதைக் காட்ட இயலாது. நல்ல கதைகள் சில பலவீனமாகத் தோன்றுவதற்கு இந்த அளவுப் பொருத்தமின்மையே காரணம்.

முடிவை மறைத்து, ‘மீதியைத் திரையில் காண்க’ என்ற தொனியில் அனுப்பினால், முடிவைக் கேட்டு வாங்கிய பிறகே கருத்துச் சொல்லுங்கள். முடிவு தெரியாமல் தொடக்கம் சரியா என்று மதிப்பிட வழியில்லை. எழுத்துப் பிழை, வசனம், கேமரா கோணம் ஆகியவற்றை இந்த நிலையில் விட்டுவிடலாம். ‘இதுபோல ஏற்கெனவே ஒரு படம் வந்திருக்கிறது’ என்பதோடு நிறுத்தவும் வேண்டாம். பதிப்புரிமை பொதுவாக வெறும் கருவைக் காப்பதில்லை, அது வெளிப்படுத்தப்பட்ட விதத்தையே காக்கிறது; எனவே கரு ஒத்திருப்பது மட்டுமே குறையாகாது. இவருடைய கதை எந்த இடத்தில் வேறு வழியில் திரும்புகிறது என்று சுட்டிக்காட்டினால், அதைப் பற்றிக்கொண்டு அவர் மேலே எழுதுவார்.

ஒரு சுற்றில் இரண்டு மூன்று கருத்துகளுக்கு மேல் வேண்டாம். திருத்தி அனுப்பும்போது, உங்கள் பழைய குறிப்புகளைப் பார்க்காமல் புதிய வாசகராகவே படித்து, மீண்டும் அந்த இரண்டு வாக்கியங்களை எழுதி, முந்தையவற்றோடு சேர்த்து அவருக்கு அனுப்பிவையுங்கள்.