க்ரோஸ் மோர்ன் மலை 806 மீட்டர்தானே, அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏறலாமா?

கேள்வி: ஜூலையில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குப் போகிறோம். க்ரோஸ் மோர்ன் மலையின் உயரம் வெறும் 806 மீட்டர். நம் ஏற்காடே 1500 மீட்டர். அப்புறம் ஏன் எட்டு மணி நேரம் ஆகும் என்று போட்டிருக்கிறார்கள்? ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவையும் (இருவருக்கும் ஐம்பத்தைந்துக்கு மேல்) அழைத்துப்போகலாமா?

பதில்:

ஏற்காட்டுக்கு நீங்கள் ஏறவில்லை, பேருந்து ஏறியது. நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள்.

கோபப்படாதீர்கள். இந்த "806 மீட்டர்தானே" என்ற பேச்சு எனக்குப் புதிதல்ல. போன கோடையில் அந்த மலை உச்சியில் எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உச்சிப் பலகையில் உயரம் தெளிவாகத் தெரியும். கோயம்புத்தூரிலிருந்து பெரியண்ணன் போட்ட முதல் பதில், "இதெல்லாம் ஒரு மலையா?" கீழே நான்கு பேர் சிரிப்புப் பொம்மை வைத்திருந்தார்கள். அதில் ஒருவர் வாக்கிங் போகவே ஸ்கூட்டரில் பூங்காவுக்குப் போகிறவர். சரி, அது இருக்கட்டும்.

கடல் மட்டத்திலிருந்து உச்சி எத்தனை மீட்டர் என்பது பலகையில் எழுத உதவும். நம் முழங்காலுக்குத் தெரியவேண்டியது வேறு: எங்கே தொடங்குகிறோம், எதன்மேல் நடக்கிறோம். இங்கே வண்டி நிறுத்துமிடம் ஏறக்குறைய கடல் மட்டத்தில் இருக்கிறது. அதனால் அந்த 806 மீட்டரில் பெரும்பகுதியை நீங்களே ஏறியாகவேண்டும். போய்வர 16, 17 கிலோமீட்டர். ஏழெட்டு மணி நேரம் என்று அந்த மலை இருக்கும் தேசியப் பூங்காக்காரர்கள் சொல்வது மிகையில்லை. எங்களுக்கு அதற்கும் மேலேயே ஆனது. என் மகள் தனியாகப் போயிருந்தால் ஆறு மணி நேரத்தில் முடித்திருப்பாள். என்னோடு வந்ததால் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.

முதல் நான்கு கிலோமீட்டர் காடு. வடக்கத்திய ஊசியிலைக் காடு, பால்சம் ஃபிர், கருப்பு ஸ்ப்ரூஸ், நடுவே வெள்ளைப் பட்டையோடு பிர்ச். ஃபிர் கொழுந்தை விரலில் கசக்கினால் வரும் வாசனைக்காகவே அந்தக் காட்டுக்கு இன்னொரு முறை போவேன். அடர்ந்த நிழல் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், மரங்கள் நம் ஊர்க் காடு மாதிரி உயரமில்லை. தரை ஈரம், பாசி, ஆங்காங்கே ஓடை, பலகைப் பாலம். ஏற்றமும் உண்டு, ஆனால் பேசிக்கொண்டே நடக்கலாம். ஜூலை என்றால் கருப்பு ஈ காதுக்குப் பின்னால் கடிக்கும். கடித்த இடத்தில் ரத்தம் வந்தபிறகுதான் தெரியும். தலைக்கு வலை வாங்குங்கள், அழகு பார்க்காதீர்கள்.

அந்தக் காட்டில் சில இடங்களில் இளமரமே இல்லாமல் புல் மண்டிக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். அது மூஸ் என்ற பெரிய மான் செய்த வேலை. மூஸ் அந்தத் தீவின் மிருகமே இல்லை. 1904ல் நான்கே நான்கு மூஸ்களை நியூ பிரன்ஸ்விக் மாகாணத்திலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இப்போது தீவில் லட்சத்தை ஒட்டி இருக்கின்றன. வேட்டையாட ஓநாயும் இல்லை, அது 1930 வாக்கிலேயே அழிந்துபோனது. ஃபிர் கன்றும் பிர்ச் கன்றும் முளைக்க முளைக்கத் தின்றுவிடுவதால் காடு மறுபடி எழும்பவில்லை. 2011 முதல் தேசியப் பூங்காவுக்குள்ளேயே மூஸ் வேட்டைக்கு அனுமதி தரவேண்டிய நிலைமை வந்துவிட்டது. இருட்டியபின் அங்கே கார் ஓட்டாதீர்கள் என்று எல்லோரும் சொல்வதும் இந்த மூஸால்தான்.

காடு முடிந்ததும் மலை முழுசாக எதிரே நிற்கும், மொட்டையாக, சாம்பல் நிறத்தில். இந்த இடம்வரை யார் வேண்டுமானாலும் வரலாம். உங்கள் அப்பா அம்மாவும் வரலாம். இங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மேலே பாருங்கள். உச்சியை மேகம் மூடியிருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். மேலே மரம் கிடையாது, வழி என்பது கல் குவியல்களைப் பார்த்துக்கொண்டு நடப்பதுதான். பனிமூட்டத்தில் அடுத்த குவியல் தெரியாது.

இதற்கு மேலேதான் உங்கள் எட்டு மணி நேரத்துக்கான காரணம் இருக்கிறது. மலையின் முகத்தில் ஒரு பிளவு நேராக மேலே ஓடுகிறது. அது முழுக்க உதிரிக் கல். சில கல் கால்பந்து அளவு, சில கல் குளிர்சாதனப் பெட்டி அளவு. கால் வைத்தால் நகரும். எந்தக் கல் நகரும், எது நகராது என்று பார்த்துச் சொல்லமுடியாது. நான் பாதி தூரம் கையையும் ஊன்றித்தான் ஏறினேன். எங்களுக்கு மேலே போன ஒரு பையன் காலில் தட்டி ஒரு கல் உருண்டுவந்தது. அவன் கத்தினான், மகள் என் பையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தாள், கல் போய்விட்டது. கீழே போய் அது மோதிய சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. இதனால்தான் இந்தப் பிளவு வழியாக ஏறுவதோடு சரி, இறங்காதீர்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மேலிருந்து இறங்குகிறவர் தள்ளும் கல் கீழே வருகிறவர் தலைக்குத்தான் வரும். அப்படியும் அன்றைக்கு இரண்டு பேர் இறங்கிவந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, மூச்சு விடவே வாய் போதவில்லை.

எங்களை ஒரு வயதான தம்பதி கடந்துபோனார்கள். எழுபது இருக்கும். தீவுக்காரர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்து "அவசரமே இல்லை, மை லவ்" என்று சொல்லிவிட்டு ஆடு மாதிரி மேலே போய்விட்டார். அங்கே கடைக்காரர் முதல் பெட்ரோல் போடுகிறவர் வரைக்கும் முன்பின் தெரியாதவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வயதைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். எனக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. வயது முக்கியமில்லை, உங்கள் பெற்றோர் இப்போது வாரத்தில் எத்தனை நாள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறார்களா, இதுதான் முக்கியம். உடனே யாராவது வந்து "நீங்கள் என்ன டாக்டரா" என்று கேட்பீர்கள். இல்லை. கணக்கு எழுதிச் சம்பாதிக்கிறவள். என் முழங்காலைப் பற்றி மட்டும் எனக்குத் தெரியும். "என் பாட்டி செருப்போடு பழனி ஏறினார்" என்று எழுத வருகிறவர்களுக்கும் வணக்கம். பழனியில் படி இருக்கிறது.

உச்சி கூர்மையாக இருக்காது, பெரிய மேசை மாதிரி தட்டை. உடைந்த குவார்ட்சைட் கல், நடுநடுவே தரையோடு ஒட்டிய செடி. வடதுருவப் பகுதியை ஒரு துண்டு வெட்டி வைத்தது போல் இருக்கும். ஆர்க்டிக் முயலும் டார்மிகன் பறவையும் இவ்வளவு தெற்கே வாழும் சில இடங்களில் இது ஒன்று. அவை குட்டி போட்டு, குஞ்சு பொரித்து முடிக்கட்டும் என்றுதான் மே, ஜூனில் மேல்பகுதியை மூடிவைக்கிறார்கள், ஜூன் கடைசி வாக்கில்தான் திறப்பார்கள். நாயைக் கூட்டிக்கொண்டு மேலே போகமுடியாது. ஒரு டார்மிகனைக் கல் என்று நினைத்து நான் மிதிக்கப் போனேன், அது நகர்ந்து இரண்டடி தள்ளிப் போய் மறுபடி கல்லாகிவிட்டது.

பலகையோடு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வழி எப்படியும் அந்தப் பக்கமாகத்தான் சுற்றி இறங்குகிறது. கொஞ்ச தூரம் நடந்தால் திடீரென்று தரை முடிந்து கீழே டென் மைல் பாண்ட் தெரியும். பெயர்தான் குட்டை. பனிப்பாறை அரித்த பள்ளத்தில் கிடக்கும் நீண்ட ஏரி அது, இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. அங்கே காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். ஜூலை மாதம், ஸ்வெட்டர், அதன்மேல் மழைக்கோட்டு, அப்படியும் விரல் விறைத்தது.

இறக்கம் ஃபெர்ரி கல்ச் என்ற பள்ளத்தாக்கு வழியாக. இதைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறக்கத்தில் முழங்கால் வலித்தால் நின்றும் பயனில்லை. கல், கல், மறுபடி கல், சில இடங்களில் படி. மலையைச் சுற்றிக்கொண்டு பழைய இடத்துக்கு வந்தபிறகு, காலையில் பேசிக்கொண்டே வந்த அந்த நான்கு கிலோமீட்டர் காட்டை மறுபடி நடக்கவேண்டும். அதில் நாங்கள் பேசவில்லை. ஊன்றுகோல் இரண்டு கொண்டுபோங்கள். ஒன்று போதாது.

ஊன்றுகோல் என்றதும் இன்னொன்று. அண்ணன்மார் இருவரும் வருஷா வருஷம் பங்குனியில் வெள்ளியங்கிரி ஏறுவார்கள். பூண்டியில் மூங்கில் தடி வாங்குவார்கள், நானும் அம்மாவும் அடிவாரத்தில் கோயிலில் உட்கார்ந்திருப்போம். பெண்பிள்ளை ஏறக்கூடாது என்பார்கள். விடியற்காலையில் அவர்கள் இறங்கிவந்து ஏழாவது மலையில் அடித்த காற்றைப் பற்றிச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசுவார்கள், நான் பரிமாறுவேன். பக்தியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பவேண்டாம், சாமியோடு எனக்குச் சண்டையில்லை. அந்த வீட்டிலிருந்து "இதெல்லாம் ஒரு மலையா" என்று வந்தால் எனக்குக் கொஞ்சம் சுடும், அவ்வளவுதான். அண்ணனுக்கு நான் பதில் போடவில்லை. மகள் போட்டாள். அது இங்கே எழுதக்கூடியதாக இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு. அப்பா அம்மாவோடு மலையடிவாரம்வரை போய்த் திரும்புங்கள், அதுவே எட்டு கிலோமீட்டர். நீங்கள் ஏறவேண்டுமென்றால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், அவர்களைக் கீழே காக்கவைத்துவிட்டு ஏறாதீர்கள். அவர்களுக்கு டேபிள்லேண்ட்ஸ் காட்டுங்கள். போய்வர நான்கு கிலோமீட்டர், பெரிய ஏற்றமில்லை. பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கவேண்டிய பாறை அங்கே வெளியே கிடக்கிறது, துருப்பிடித்த நிறத்தில். அதில் செடி சரியாக முளைக்காது. 1987ல் இந்தப் பூங்காவுக்கு யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்ததற்கு அந்தப் பாறை ஒரு முக்கியக் காரணம். வெஸ்டர்ன் புரூக் பாண்டில் படகுச் சவாரியும் உண்டு, படகுத்துறைக்கு மூன்று கிலோமீட்டர் நடை.

தங்குவதற்கு ராக்கி ஹார்பர் என்ற ஊர் வசதி. நாங்கள் தங்கிய வீட்டு அம்மாள், தமிழ் என்று சொன்னவுடன், 1986 ஆகஸ்ட்டில் தீவின் தென்கோடிக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த ஈழத்தமிழர்கள் 155 பேரை மீனவர்கள் காப்பாற்றியதை நேற்று நடந்தது போல் சொன்னார். அப்போது அவருக்கு இருபது வயதாம். உங்கள் அப்பாவுக்குப் பேச்சுத்துணைக்குக் குறைவிருக்காது. நேரம் மட்டும் கவனியுங்கள். இந்தியா மாதிரி அங்கேயும் அரை மணி நேரக் கணக்கு, டொரொண்டோவைவிட ஒன்றரை மணி முன்னால்.

கடைசியாக, கார். டீர் லேக் விமான நிலையத்தில் இறங்கினால் கார் இல்லாமல் ஒன்றும் செய்யமுடியாது. நான் மூன்று மாதம் முன்பே பதிவு செய்து, உறுதிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். "பதிவு இருக்கிறது, கார் இல்லை" என்றான் கார் வாடகைக் கடையில் இருந்த பையன். பதிவு என்றால் பிறகு என்னதான் என்று கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பெட்டி வைக்கவே இடமில்லாத ஒரு சின்ன வண்டியைப் பெரிய வண்டிக்கான வாடகையில் கொடுத்தார்கள். மீதிப் பணம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதிலில்லை. நீங்கள் நால்வர், பெட்டியோடு போகிறீர்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் அந்தக் கிளைக்கே போன் செய்து, எந்த வண்டி, எத்தனை பெட்டி போகும் என்று கேட்டு, பேசியவர் பெயரையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.