கேளுங்கள், சொல்கிறோம்: அலையாத்திக்காட்டுக்குள் ஏன் பொட்டல்?

கேள்வி: முத்துப்பேட்டைக் காயலுக்குப் படகில் போயிருந்தோம். பாதுகாக்கப்பட்ட காடு என்கிறார்கள், ஆனால் ஆற்றோரம் மட்டும்தான் மரம் அடர்ந்திருக்கிறது, உள்ளே போனால் வெறும் உப்புத்தரை. யாராவது வெட்டுகிறார்களா? இல்லை, கஜா புயலின் வேலையா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: 2018 நவம்பரில் வந்த கஜா அங்கே பெரிய மரங்களை முறித்துப் போட்டது உண்மைதான். ஆனால் அந்தப் பொட்டல் அதைவிடப் பழசு. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே விறகுக்காகக் கூப்பு (வெட்டுவதற்கென ஒதுக்கிய காட்டுப் பகுதி) விட்டு, பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டியிருக்கிறார்கள். வெட்டினால் தானாக முளைத்துக்கொள்ளும் என்ற கணக்கு! நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து உள்வாங்கி, தரையே தொட்டி மாதிரி குழிந்துவிட்டது. ஓதத்தில் (கடல் ஏறும்போது) உள்ளே வரும் கடல்நீர் வற்றத்தில் (கடல் இறங்கும்போது) திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே கிடந்து வற்றும், உப்பு மட்டும் தங்கும், அதில் எந்த விதையும் பிழைக்காது. கஜா வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே நடந்த கதை இது.

இதோடு நன்னீரும் குறைந்தது. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு, கோரையாறு, பாமணியாறு வழியாகக் கடைமடைக்கு வரும் தண்ணீர் மழைக்காலத்தில்தான் தாராளம். அதனால்தான் உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மரம் இங்கே எங்கு பார்த்தாலும் நிற்கிறது, பிச்சாவரத்தில் கொத்துக்கொத்தாக வேர் இறக்கி நிற்கும் சுரபுன்னையை இங்கே பார்ப்பது அரிது.

வெறுமனே கன்று நட்டால் சரியாகாதா என்று கேட்பீர்கள். ஆகாது, தண்ணீர் வந்து போக வழி வேண்டும். வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்தது அதைத்தான்: ஆற்றிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், கரையோரமாகக் கன்றுகள். மீன்முள் வாய்க்கால் என்று பெயர். படகில் போகும்போது ஒரே வரிசையாக நிற்கும் இளமரங்களைக் கண்டீர்கள் என்றால், அது நட்டு வளர்த்த காடு. என்னைக் கேட்டால், பாதுகாக்கப்பட்ட காடு என்ற பலகையைவிட அந்த வாய்க்கால்களைத் தூர்வாரி வைப்பதுதான் முக்கியம், சேறு படிந்து அடைத்தால் பழைய கதைதான்.

கேள்வி: பறவை பார்க்க எப்போது போகலாம்? (திருத்துறைப்பூண்டி வாசகி)

பதில்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. முதலில் வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் படகு பேசுங்கள். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறினால் காயலில் ஒதுங்க இடமே கிடையாது.