காலண்டரில் கிடக்கிறது கணக்கு

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு. வாய்ப்பாடு மனப்பாடம், கூட்டல், பெருக்கலில் தவறே வராது. ஆனால் கணக்கை வாக்கியமாகக் கேட்டால், "இது கூட்டலா, கழித்தலா?" என்று என் முகத்தைப் பார்க்கிறான். 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி என்று டியூஷனில் சொல்லிக்கொடுத்தும் பயனில்லை. வேறு டியூஷனில் சேர்க்கலாமா? வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லை. மாமியார் ஐந்தாம் வகுப்பு. பால் கணக்கைக் காலண்டரில் கிறுக்கிக்கொண்டிருப்பார். இவனும் அங்கே போய் நின்றால், படிக்கச் சொல்லி உள்ளே அனுப்பிவிடுவேன்.
– திண்டுக்கல் வாசகி

பதில்: டியூஷன் கிடக்கட்டும். அந்தக் காலண்டருக்கு வருகிறேன்.

அந்தக் கிறுக்கலை என்றைக்காவது படித்துப் பார்த்தீர்களா? பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி இருக்கும். விருந்தாளி வந்து அரை லிட்டர் கூடுதலாக வாங்கிய நாளுக்கு ஒரு கோடு இருக்கும். தினம் ஒரு லிட்டர். 30 நாள் மாதத்தில் மூன்று பெருக்கல் குறி, நான்கு கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று போக 27, நான்கு அரை சேர்த்து 29 லிட்டர். லிட்டர் 56 ரூபாய் என்றால் 1,624. முன்பணம் 500 கழித்தால் பால்காரருக்குத் தர வேண்டியது 1,124. உங்கள் மகன் விழிக்கும் கணக்கு இதுதான். உங்கள் மாமியார் அதை மாதாமாதம் நின்றபடியே போட்டு முடிக்கிறார். நீங்களோ பிள்ளையை அங்கிருந்து விரட்டிவிட்டு ஊரெல்லாம் வாத்தியார் தேடுகிறீர்கள். "சொல்லித்தர ஆள் இல்லை" என்று எழுத எப்படி மனம் வந்தது?

டியூஷனில் சொன்ன குறுக்குவழியின் லட்சணத்தையும் பாருங்கள். "5 மாம்பழம் கொடுத்தபின் மீதி 12. முதலில் எத்தனை?" 'மீதி' என்றதும் பையன் கழித்துவிட்டு 7 என்பான். கொடுத்தபிறகே 12 பழம் வைத்திருப்பவனிடம் முதலில் ஏழுதான் இருந்ததாம்! 1979இல் பிரான்சில் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு வேடிக்கைக் கேள்வி கேட்டார்கள். கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு. கேப்டனின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்தே வயதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

படித்த மருமகள்கள் பலரிடம் இந்த நோயைப் பார்த்துவிட்டேன். பேரன் அப்பத்தாவிடம் போய் நிற்பதைத் தடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது; அது அவனுக்கும் அவருக்கும் சேர வேண்டியது. (கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இந்தத் திட்டில் பாதி அவருக்கு.)

இந்த மாதத்திலிருந்து காலண்டரில் குறி போடுவது பையன் வேலை. பக்கத்தில் அப்பத்தா நிற்கட்டும். எட்டு ஆழாக்கு ஒரு படி என்று அவர் ஆரம்பித்தால், பாடத்தில் இல்லை என்று குறுக்கே விழாதீர்கள். மாதக் கடைசியில் பால்காரருக்கு அவனே பணம் எண்ணிக் கொடுக்கட்டும். பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டால், பின்னாலேயே ஓடிப் போய் அவனே கேட்டு வாங்கி வரட்டும். அதுவரை நீங்கள் சமையலறையை விட்டு வெளியே வர வேண்டாம்.