காற்று தெற்கே, வேலை ராணிப்பேட்டையில்

கே: ஏலகிரியும் ஜவ்வாது மலையும் இவ்வளவு உயரமாக இருந்தும் நம் பக்கம் ஏன் காற்றாலைகள் இல்லை?
– கல்லூரி மாணவி, திருப்பத்தூர்

ப: உயரம் மட்டும் போதாது, கணவாய் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய இடைவெளிகளில் நெருக்கியடித்துப் புகும்போதுதான் வேகம் பிடிக்கிறது. முப்பந்தலிலும் உடுமலையிலும் காற்றாலைகள் குவிந்தது அதனால்தான். நமக்கு மேற்கே கர்நாடகப் பீடபூமி பரந்து கிடக்கிறது, அப்படியொரு வாசல் கிடையாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். நொடிக்கு 4 மீட்டர் வீசும் இடத்தைவிட 6 மீட்டர் வீசும் இடத்தில் 3.4 மடங்கு ஆற்றல் கிடைக்கும். முதலீட்டாளர் தெற்கே போவதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

கே: பாய்லர் துணைக்கருவிகளுக்கு டக்ட் (காற்றும் புகையும் செல்லும் தகட்டுக் குழாய்), சப்போர்ட் செய்து தரும் பட்டறை எங்களுடையது. காற்றாலைக் கோபுர வேலைக்கு மாற முடியுமா? அரசின் புதிய கொள்கையால் ஆர்டர் வருமா?
– பட்டறை உரிமையாளர், சிப்காட், ராணிப்பேட்டை

ப: முடியும். ஆனால் கோபுரத்தின் உருளைகளைச் செய்யும் ஆசை வேண்டாம். நான்கு மீட்டருக்கு மேல் விட்டமுள்ள உருளையை டிரெய்லரில் ஏற்றினால் பழைய சுரங்கப் பாலங்களில் முட்டும். அதற்குரிய, தகட்டை உருளையாக வளைக்கும் பிளேட் ரோலிங் இயந்திரமும் பெரிய முதலீடு. உங்களுக்கு ஏற்றவை உள்ளே பொருத்தும் பாகங்கள்: செக்கர்ட் பிளேட் (வழுக்காத புடைப்புத் தகடு) பிளாட்பாரம், ஏணித் தாங்கி, கேபிள் கிளாம்ப், கதவு, படிக்கட்டு.

டக்ட் வேலையில் கசிவுதான் கவலை. கோபுரத்திலோ 20 ஆண்டுகள் ஓயாத அதிர்வு. வெல்டிங் ஓரத்தில் அரை மில்லி அண்டர்கட் (இரும்பு அரிக்கப்பட்ட பள்ளம்) இருந்தாலும் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வெல்டிங் ராடைக் கண்ட இடத்தில் தட்டி ஆர்க் பற்றவைக்கும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். உங்கள் வெல்டர்களிடம் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) முறைச் சான்றிதழ் இருக்கும். கோபுர நிறுவனங்கள் பெரும்பாலும் வெல்டர் தேர்வுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9606 கேட்கும். அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாளர் கையெழுத்திட்டு உறுதிசெய்ய வேண்டும், தவறினால் சான்றிதழ் செல்லாது.

பலர் தோற்பது ஹீட் நம்பரில், அதாவது இரும்பு எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் எண்ணில். பிளேட்டை வெட்டும் முன்பே அதன் ஹீட் நம்பரை ஒவ்வொரு துண்டிலும் பஞ்ச் செய்துவிட வேண்டும். வெட்டியபின் மூலையில் கிடக்கும் மிச்சத் துண்டு எந்தத் தகட்டிலிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால், அது எவ்வளவு நல்ல இரும்பானாலும் ஆய்வாளர் ஒதுக்கிவிடுவார். ஒரு சிறு தாங்கிக்காக மொத்த லாட்டும் திரும்பி வரும்.

அடுத்த தலைவலி கால்வனைசிங், அதாவது துருப்பிடிக்காமலிருக்க இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்குவது. 6 மில்லிக்கு மேல் தடிமனுள்ள இரும்புக்குச் சராசரி 85 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 3 முதல் 6 மில்லி வரை 70 மைக்ரான் துத்தநாகப் பூச்சு வேண்டும். இரண்டு முனையும் மூடிய பைப்பில் காற்றுத்துளை போடாமல் அனுப்பாதீர்கள். 450 டிகிரித் தொட்டியில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் பைப் வெடிக்கும், பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. இரும்பில் சிலிக்கான் 0.03 முதல் 0.14 விழுக்காட்டுக்குள் இருந்தால் பூச்சு தடித்து, மங்கி, உதிரும். ஆகவே இரும்பாலை தரும் டெஸ்ட் சர்டிபிகேட்டில் சிலிக்கானைப் பார்த்துவிட்டு இரும்பு வாங்குங்கள். சூட்டில் செக்கர்ட் பிளேட் முறுக்கிக்கொள்வதும் உண்டு. கோபுரத்தின் உள்ளே வெல்டு செய்த தாங்கிகளோடு போல்ட் ஓட்டைகள் அப்புறம் பொருந்தாது. பிளாட்பாரத்தைப் பாதி பாதியாகச் செய்து, பூச்சுக்குப் பின் ஒரு ஜிக்கில் (அளவு பார்க்கும் மாதிரிச் சட்டத்தில்) வைத்துச் சரிபார்த்தே அனுப்ப வேண்டும்.

ஆர்டரைப் பொறுத்தவரை நம்பிக்கைக்கு இடமுண்டு. பழைய காற்றாலைகளை மாற்றிப் புதியவை நிறுவவும், புதுப்பிக்கவும், ஆயுளை நீட்டிக்கவும் தமிழக அரசு 2024-இல் தனிக் கொள்கை வெளியிட்டது. காற்று மிகுந்த நல்ல இடங்களைத் தொண்ணூறுகளின் 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் அடைத்துக்கொண்டிருப்பதுதான் காரணம். இறக்கை, கோபுரம், கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், சிறப்பு பேரிங் ஆகிய ஐந்தையும் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ளவர்களிடமே வாங்க வேண்டும் என்று மத்திய அரசும் 2025-இல் விதித்தது. நீங்கள் அணுக வேண்டியது காற்றாலை நிறுவனத்தை அல்ல, அந்தப் பட்டியலில் இருக்கும் கோபுரத் தயாரிப்பாளரை. ராணிப்பேட்டைக்கு இந்தத் தொழில் புதிதும் அல்ல. 250 கிலோவாட் காற்றாலைகளை நம் ஊரிலுள்ள பொதுத்துறை பெல் (பிஎச்இஎல்) ஆலையே செய்திருக்கிறது.

கே: காற்றாலை நிறுவனத்தில் பங்கு வாங்கினால் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் என்கிறார் ஒரு தரகர். நம்பலாமா?
– தோல் தொழிற்சாலை மேலாளர், ஆம்பூர்

ப: சட்டப்படியான வழிதான். மின்சார விதிகள் 2005-இன்படி, பயன்படுத்துவோர் அனைவரும் சேர்ந்து 26 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு வைத்திருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் 51 விழுக்காட்டையாவது அவர்களே பயன்படுத்த வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த ஆண்டு முழுவதற்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் (பிறருக்கான மலிவு மின்சாரத்தை ஈடுகட்ட வசூலிப்பது) விழும். பிற பங்குதாரர் ஒருவர் ஆலையை மூடினாலும் சுமை உங்கள் தலைக்கு வரலாம், எனவே ஒப்பந்தத்தில் அதற்கு யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். காற்றாலை எந்த ஆண்டு ஓடத் தொடங்கியது என்றும் கேளுங்கள். உபரி யூனிட்டைச் சேமித்துப் பின்னால் எடுக்கும் விதி அதைப் பொறுத்து மாறும். காற்று வீசுவது மே முதல் அக்டோபர் வரைதான். உங்கள் ஆலையோ ஆண்டு முழுதும் ஓடுகிறது, ஆகவே அந்தச் சேமிப்பு விதி உங்களுக்கு முக்கியம்.

கே: மொட்டை மாடியில் 2 மீட்டர் விட்டமுள்ள சின்னக் காற்றாலை வைக்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காட்பாடி

ப: வேண்டாம் ஐயா. நொடிக்கு 3 மீட்டர் காற்றில் அது தருவது 15 வாட் அளவுதான், ஒரு எல்இடி பல்பு எரியும். அந்தப் பணத்தைச் சூரியத் தகட்டில் போடுங்கள். வேலூர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு.