கன்னத்தில் இருந்தது கண்ணீர் இல்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு 38 வயது. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) வளர்ந்தவன். வேலை போக மீதி நேரத்தில் ஓவியம் வரைவேன். தீபாவளிக்கு முன் எங்கள் பாலாய் ராயாவில் (ஊர்ப் பொதுமண்டபத்தில்) என் படங்களை வைத்தார்கள். அதில் ஒன்று, விடியாத நேரத்தில் நெற்றி விளக்கோடு பால்மரம் வெட்டும் (ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும்) அம்மா. கன்னத்தில் ஒரு சொட்டு பால் தெறித்துக் காய்ந்திருக்கும். மரத்துப் பட்டை முழுக்கப் பழைய காயங்கள், முண்டும் முடிச்சுமாக.

பார்த்தவர்கள் பால் சொட்டைக் கண்ணீர் என்றார்கள். மரத்தின் காயம் அம்மா வாங்கிய அடியாம். யாரோ படமெடுத்து, "குடிகாரக் கணவனிடம் சிக்கிய தாய்" என்று எழுதி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். அப்பா கள்ளைத் தொட்டதே இல்லை. இறந்து ஆறு வருடமாகிறது. "செத்த மனுஷன் மானத்தை வாங்கிட்டியே" என்று சித்தப்பா பேச்சை நிறுத்திவிட்டார்.

அவரைக்கூடச் சமாளித்துவிடுவேன். அம்மா அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து "சாப்பிட்டியா" என்பதைத் தவிரப் பேச்சில்லை. என்னை வெறுத்துவிட்டார். தூரிகையைத் தொடவே கை வரவில்லை.

— பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்பவர் ஓர் ஆய்வு செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாட்டில் சரியாகச் சொன்னது 3. தட்டுபவர் மண்டைக்குள் பாட்டு முழுதாக ஓடுகிறது, கேட்பவருக்கு டொக் டொக் சத்தம்தான்.

உங்கள் படமும் அப்படித்தான். பால்மரத்தை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்ட ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு, கன்னத்தில் வெள்ளையாக இருந்தால் அது கண்ணீர்தான். படத்தின் கீழே "விடியற்காலை, அம்மாவின் பால்மர நிரை" என்று ஒரு வரி எழுதிவையுங்கள். சித்தப்பாவை நேரில் போய்ப் பாருங்கள், போனில் வேண்டாம். வாட்ஸ்அப்பைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். அதற்கு முடிவே கிடையாது.

இப்போது அம்மா. தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊர்க்காரர்கள் உங்களைக் கேட்காமலே படத்துக்கு அர்த்தம் சொன்னார்கள். அம்மாவின் மௌனத்துக்கு நீங்கள் யாரைக் கேட்டு அர்த்தம் சொன்னீர்கள்? வெறுப்பு என்று உங்கள் கடிதம் தீர்ப்பே எழுதிவிட்டது. அப்பாவின் நினைவாக இருக்கலாம். ஊர்ப்பேச்சு கூச்சமாக இருக்கலாம். எனக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் என் மனதில் ஓடுகிறது. நானும் தோட்டத்துப் பிள்ளைதான். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். அப்படிக் காயப்படுத்தி, வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் திட்டு வாங்காமல் வெட்டுவதுதான் கைத்திறன். அம்மா அத்தனை நேரம் நின்று பார்த்தது தன் முகத்தையா, அந்த மரத்தையா?

படத்தை வீட்டுக்கு எடுத்துப்போங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "மரத்தைச் சரியாப் போட்டிருக்கேனாம்மா?" என்று கேளுங்கள். திட்டினாலும் குறுக்கே பேசாதீர்கள்.