பேட்டரி இறங்குகிறது, சைரன் அலறுகிறது: வாசகர் கேள்விகள்

தனியாக வாங்கிக் காரில் மாட்டிய அலாரம் பற்றித்தான் இந்த முறை நிறையக் கடிதங்கள். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: அலாரம் மாட்டிய நாளிலிருந்து, ஒரு வாரம் காரை எடுக்காமல் விட்டால் செல்ஃப் எடுப்பதில்லை. மாட்டிய கடையில் "பேட்டரி போச்சு சார்" என்றார்கள். புது பேட்டரி போட்டும் அதே கதைதான்.
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: புது பேட்டரியை விற்றார்களே, கரண்ட் எங்கே போகிறது என்று அளந்து பார்த்தார்களா? அதற்கு ஒரு மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் போதும். பானெட்டைத் திறந்து, அது திறந்ததை அலாரத்துக்குச் சொல்லும் ஸ்விட்சை டேப் போட்டு அமுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் சைரன் கத்தும். பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். கதவுகளை மூடி, ரிமோட்டில் லாக் செய்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். மீட்டர் இருக்கும்போது செல்ஃப் அடிக்க வேண்டாம், மீட்டர் ஃபியூஸ் போய்விடும்.

20 முதல் 50 மில்லியாம்பியர் வரை காட்டினால் சரி. 0.2 ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 ஆம்பியர்-மணி போகிறது. சின்ன காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு வாரத்தில் காலி. நீங்கள் சொல்லும் கணக்கும் அதுதான்.

இப்போது அலாரத்தின் ஃபியூஸைப் பிடுங்குங்கள். அளவு சட்டென்று இறங்கினால் கோளாறு அங்கேதான். என் சந்தேகம் எஞ்சின் கட் ரிலே மேல், அதாவது லாக் செய்ததும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் மின் ஸ்விட்ச் மேல். அந்த ரிலேயை இயக்கும் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) பிளஸ், சாவி போட்டால் மட்டும் வரும் லைனிலிருந்து வர வேண்டும். அவசரத்தில் நேரடியாக பேட்டரி லைனில் கொடுத்துவிட்டால், லாக் செய்த நிமிடத்திலிருந்து ரிலே இரவு பகலாக கரண்ட் குடிக்கும். ஒரே ஒரு வயரை இடம் மாற்றினால் தீரும் வேலை. பேட்டரிக்குக் கொடுத்த பணத்தைக் கடையிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

கேள்வி: மழை பெய்தால் நடுராத்திரியில் அலாரம் அடிக்கிறது. தெருவே எழுந்து விடுகிறது.
— லாஸ்பேட்டை

பதில்: பானெட் ஸ்விட்ச். கடல் காற்றில் துருப்பிடித்து, ஈரம் பட்டதும் எர்த் ஆகி, பானெட் திறந்தது போல அலாரத்துக்குக் காட்டுகிறது. அதன் வயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு அடுத்த மழையைப் பாருங்கள். அமைதியாக இருந்தால் புது ஸ்விட்ச் போடுங்கள், விலை குறைவுதான். அப்போதும் அடித்தால், அதிர்வை உணரும் ஷாக் சென்சாரின் திருகைச் சற்றுக் குறையுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் மலிவாக ஒரு அலாரம் வாங்கினேன். வயரிங் படம் இல்லை. சிவப்பு, கறுப்பு தெரிகிறது. மற்ற கலர்களை எதில் கொடுப்பது?
— புதுநகர், கடலூர்

பதில்: எதிலும் கொடுக்காதீர்கள். கலர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். திருப்பி அனுப்புங்கள். ஸ்டியரிங் பக்கத்தில் மஞ்சள் உறை போட்ட வயர் இருந்தால் டெஸ்ட் லாம்ப் வைத்துக் குத்தவே கூடாது, அது ஏர்பேக்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. கடலூரில் ஒரு கடையில் அலாரம் போட்டேன். போன மாதம் இரவு ரெட்டிச்சாவடி தாண்டி வரும்போது ஓடிக்கொண்டிருந்த கார் அப்படியே அணைந்துவிட்டது. பின்னால் பஸ். பிள்ளைகள் காரில். மெக்கானிக் டேஷ்போர்டைக் கழற்றி ஒரு ரிலேயைக் காட்டினார், பிளாஸ்டிக் உருகியிருந்தது. கடைக்காரர் "நீங்க சரியா ஓட்டல" என்கிறார். பில் தரவில்லை, ஜிபே-யில் பணம் கட்டினேன்.
— வில்லியனூர்

பதில்: அம்மா, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. ரிலே உருகியதற்கும் ஓட்டுவதற்கும் என்ன சம்பந்தம்? தளர்ந்த ஜாயிண்ட் சூடாகும், சூடானது உருகும். உங்களுக்கு இக்னிஷன் லைனை வெட்டி ரிலே வைத்திருக்கிறார்கள். செல்ஃப் லைனில் மட்டும் வைத்திருந்தால், ரிலே கெட்டாலும் ஓடும் எஞ்சின் நிற்காது. மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான்.

இது என் நெடுநாள் ஆதங்கம். அலாரம் வாங்கும்போது நாம் எல்லோரும் பெட்டியைப் பார்க்கிறோம், ரிமோட்டைப் பார்க்கிறோம். உண்மையில் காசு கொடுப்பது டேஷ்போர்டுக்குள் போகிற ஜாயிண்டுகளுக்கு. வயரைச் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுவது வேலையே இல்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் டேப்பின் பசை இளகி அவிழும். உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடிக்கும். ஈயம் வைத்துப் பற்ற வேண்டும், அல்லது வயர்களை உலோகக் குழலில் நுழைத்து அழுத்தும் கிரிம்ப் சரியாகப் போட வேண்டும். மேலே, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். பிளஸ் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். எர்த், பெயின்டைச் சுரண்டிய இரும்பில் போல்ட் போட்டு. பேனலை மூடும் முன் ஒரு ஜாயிண்டையாவது காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வண்டியை விடக் கூடாது.

என் காரில் மாட்டிய சைரனும் அட்டையில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று அச்சிட்டுத்தான் வந்தது. முதல் ஐப்பசி மழையிலேயே ஊமையானது. கழற்றினால் உள்ளே தண்ணீர், ஏனென்றால் வாய் மேலே பார்க்க மாட்டியிருந்தார்கள். கீழே பார்க்க வேண்டும் என்பது கூடவா தெரியாது?

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. உருகிய ரிலேயைத் தூக்கிப் போடாதீர்கள். போட்டோ எடுத்து, மெக்கானிக்கிடம் என்ன பழுது என்று எழுதி வாங்குங்கள். பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ஜிபே பதிவு உங்களுக்குச் சாட்சி. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். கடைக்காரர் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை கடலூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் புதுச்சேரியிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரிலே, மெக்கானிக் கூலி, உங்கள் மன உளைச்சல், மூன்றுக்கும் சேர்த்துக் கேளுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: டிரைவர் கதவைத் திறந்தால் அலாரம் அடிக்கிறது, பின்கதவைத் திறந்தால் இல்லை.
— முதலியார்பேட்டை

பதில்: டிரைவர் கதவு ஸ்விட்சில் மட்டும் வயர் கொடுத்துவிட்டு முடித்துக்கொண்டார்கள். மற்ற கதவுகளின் லைனையும், கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் டையோடு வைத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். எடுத்து வரும்போதே ஒவ்வொரு கதவாகச் சோதித்திருக்க வேண்டாமா?

கேள்வி: பழைய கார் ஒன்று விலை குறைவாகக் கிடைத்தது என்று உடனே வாங்கிவிட்டேன். ரிமோட் தரவில்லை. அலாரம் தானாக அடிக்கிறது, இண்டிகேட்டர் தானாக எரிகிறது. சீட்டுக்கடியில் லேசான சேற்று வாடை.
— நெல்லித்தோப்பு

பதில்: அந்த வாடையை வாங்கும் முன்பே பிடித்திருக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது தண்ணீர் தேங்கிய தெருக்களில் நின்ற எத்தனையோ கார்கள் துடைத்து மெருகேற்றி விற்பனைக்கு வந்தன. கார்ப்பெட்டைத் தூக்குங்கள். சீட் தண்டவாளத்தில் துரு, கனெக்டருக்குள் மண் இருந்தால் அலாரம் உங்கள் கவலைகளில் கடைசி. அதை முழுவதுமாகக் கழற்றி, வெட்டிய கம்பெனி வயர்களை பழையபடி இணைத்துவிட்டு, வண்டி மொத்தத்தையும் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். விற்றவர் வெள்ளத்தில் நின்றதை மறைத்திருந்தால், அவரோடு பேசிய வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள்.