கேட் பக்கத்துல நிக்க மஞ்ச பூச்செடி எது, கடலோர வீட்டுக்கு என்ன வைக்கலாம்?

கன்னியாகுமரி மாவட்டம் முட்டம் பக்கத்துல இருந்து ஒரு சிஸ்டர் கேட்டிருக்காங்க: கடல் பக்கத்துலதான் வீடு, மண்ணு முழுக்க மணல், கேட் ஓரத்துல தானா முளைச்ச ஒரு மஞ்ச பூச்செடி ஆளுயரத்துக்கு நிக்குது, ஒல்லி இலை, ஒடிச்சா பால் வருது, பச்சையா முக்கு முக்கா காய் இருக்கு, மாமியாரு அரளிங்காங்க, மைனி அலமாண்டாங்கா, மூணு வயசு பிள்ளை இருக்க வீடு, அது நிக்கலாமா, எடுத்தா அங்க வேற என்ன வைக்கதுன்னு.

மாமியாரு சொன்னதுதான் சரி, அது மஞ்ச அரளியேதான்.

பூவை மட்டும் பாத்தா இந்த குழப்பம் தீராது, ஏன்னா மஞ்சளா குழல் மாதிரி பூக்க செடி நம்ம ஊர் முற்றத்துல மூணு இருக்கு, நர்சரியிலயே சிலநேரம் மாத்தி எடுத்து தருவாங்க. மஞ்ச அரளிக்கு இலை ரொம்ப ஒல்லி, ஒவ்வொண்ணா தண்டை சுத்தி இருக்கும், காய் நீங்க சொன்ன மாதிரி சதைப்பத்தா முக்கோண வாக்குல இருந்து பழுத்தா கறுத்துரும். அலமாண்டாவுக்கும் பால் உண்டு, ஆனா இலை அகலமா பளபளன்னு ஒரு கணுவுல மூணு நாலா சேந்து நிக்கும், செடி படர பாக்கும், காய் காய்ச்சா முள்ளு முள்ளா இருக்கும். மூணாவது டெக்கோமா, இதுல பால் வராது, ஒரு காம்புல அஞ்சு ஏழு சிற்றிலை, ஓரம் அரம் மாதிரி, காய் பயத்தங்காய் கணக்கா நீளமா தொங்கும்.

மஞ்ச அரளி முழுக்க வெசம், விதை ரொம்ப மோசம், இதயத் துடிப்பையே குலைச்சிரும். சின்னப்பிள்ளை காயை எடுத்து விளையாடுற இடத்துல அது வேண்டாம், எடுத்துருங்க. கையுறை போட்டு வெட்டுங்க, கீழ கிடக்க காய் விதை எல்லாம் பொறுக்குங்க, எரிக்காதீங்க, புகையும் கெடுதல், காஞ்ச இலையிலயும் வெசம் போகாது அதனால ஆட்டுக்கு எட்டுற இடத்துல போட்டுறாதீங்க. பிள்ளை தெரியாம வாயில வச்சிட்டா வீட்டு வைத்தியம் பாத்துட்டு இருக்காம, நல்லா இருக்க மாதிரி தெரிஞ்சாலும், அந்த காயையும் எடுத்துட்டு உடனே ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி மாதிரி இசிஜி வசதி உள்ள இடத்துக்கு ஓடுங்க.

இனி அந்த இடத்துக்கு. உப்புக்காத்து தாங்கும்னு செவ்வரளியை சொல்லுவாங்க, தாங்கும்தான், நாலுவழிச்சாலை நடுவுல எல்லாம் அதானே நிக்குது, ஆனா அதும் அதே மாதிரி வெசம். தொட்டியில வைக்க அடீனியமும் அந்த குடும்பம்தான், அதும் வெசம். நான் சொல்லது சங்கங்குப்பி, கடலோரத்துல தானா வளர வேலிச்செடி, உப்பும் மணலும் அதுக்கு பொருட்டே இல்ல, வெள்ளப்பூவுல செவப்பு இழை நீட்டிக்கிட்டு இருக்கும், வெட்டி விட்டா சுவர் மாதிரி நிக்கும், இலை கசப்புங்கதால ஆடும் கடிக்காது. நர்சரிக்காரங்க இத ஏன் பெருசா விக்க மாட்டேங்காங்கன்னு எனக்கு ஆச்சரியம்தான், கம்பு வெட்டி வச்சாலே பிடிக்கும், அதனால லாபமில்ல போல!

கடல் பக்கம் அதை நட்டு காத்தை தடுத்துட்டு, அதுக்கு உள்ளாற தெச்சியும் (இட்லிப்பூ) செம்பரத்தியும் வைங்க. காகிதப்பூவும் உப்பு தாங்கும், முள்ளு இருக்கதால பிள்ளை கை எட்டாம மதில் மேல ஏத்தி விடுங்க, தண்ணியை அளவா ஊத்துங்க, தண்ணியும் உரமும் கூடுனா இலையா தள்ளும் பூ வராது.

நடுறதுக்கு ஐப்பசி மழை நேரம் நல்லது. ஜூன்ல நட்டா தென்மேக்கு காத்து உப்பை அள்ளி இளஞ்செடி மேல அடிக்கும், இலை ஓரம் கருகும், ஐப்பசியில நட்டது அடுத்த ஆனிக்குள்ள வேர் பிடிச்சிரும். ரெண்டடி குழி எடுத்து செம்மண்ணும் மக்குன சாணமும் கலந்து போடுங்க, மணல்ல தண்ணி நிக்காது பாருங்க, அதனால மேல தென்னஞ்சோத்தையும் (தேங்காய் நார்த்தூள்) பரத்துங்க. உப்புக்காத்து பலமா அடிச்ச மறுநாள் இலை மேல நல்ல தண்ணி பீச்சி கழுவி விட்டா தெச்சி பிழைச்சுக்கும்.